செத்த பறவையைக் குறைவாக எண்ணுவது எப்படி?

வாழ்த்துகள். உங்களை நிபுணர் குழுவில் போட்டிருக்கிறார்கள். எங்கோ ஒரு கப்பல் தரைதட்டியிருக்கிறது. அல்லது வெள்ளத்தோடு வெள்ளமாக ஆலைப் பக்கமிருந்து கறுப்பாக ஏதோ வந்து கழிமுகம் முழுக்கப் படர்ந்திருக்கிறது. ‘காட்டுப் பறவைகளின் மீது எண்ணெய்க் கசிவு ஏற்படுத்திய சூழலியல் தாக்கத்தை மதிப்பிடுக’ என்று ஒற்றை வரியில் ஆணை. காகம், புறா, பிராய்லர் தவிர வேறு பறவையோடு உங்களுக்குப் பழக்கமில்லை என்றாலும் பதற வேண்டாம். இந்த வேலைக்குக் கழித்தல் தெரிந்தால் போதும். பெருக்கல் தெரிந்தவர்களைக் குழுவில் சேர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏனென்று போகப்போகப் புரியும்.

இந்தக் கையேடு, எண்ணெயைக் கசியவிட்டவர் செலவில் வேலை பார்ப்பவர்களுக்கானது. எதிர்த்தரப்பில் இருப்பவர்களுக்கும் உதவும், தலைகீழாகப் படித்தால்.

இந்தத் துறைக்கு வயது அதிகமில்லை. 1967 மார்ச் 18 அன்று டோரி கேன்யன் என்ற கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அப்பால் பாறையில் மோதி, ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் கச்சா எண்ணெயைக் கடலில் விட்டபோது என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிரிட்டிஷ் அரசு போர் விமானங்களை அனுப்பிக் கப்பலின் மீது குண்டு போட்டது. கரையில் டிடர்ஜென்டைக் கொட்டியது. பாறையோர உயிர்களில் எண்ணெய்க்குத் தப்பியவை அதில் செத்தன. செத்த பறவைகளைக் கணக்கிட எல்லாரும் ஒப்புக்கொண்ட முறை என்று ஒன்று அப்போது கிடையாது. இன்று முறைகள் ஏராளமாக இருக்கின்றன. எதைப் பயன்படுத்தாமல் விடுவது என்பதில்தான் உங்கள் திறமை.

முதலில், அவசரப்படாதீர்கள். கமிட்டி கூடட்டும், பயணப்படி அனுமதியாகட்டும், வண்டி வரட்டும். ஒவ்வொரு நாள் தாமதமும் உங்கள் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே இருக்கும், நீங்கள் விரலைக்கூட அசைக்க வேண்டாம். பறவையின் இறகில் நுண்ணிய கொக்கிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு காற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்தக் காற்றால்தான் அது மிதக்கிறது, குளிர் தாங்குகிறது. எண்ணெய் பட்டதும் கொக்கிகள் விட்டுப்போகின்றன, தண்ணீர் தோல்வரை இறங்குகிறது. குளிர்ந்த கடலில் அந்த நேரத்திலேயே பாதிக் கதை முடிந்தது. மீதிக் கதையைப் பறவையே முடித்துக்கொள்ளும்: பிசுக்கைப் போக்க அலகால் இறகைக் கோதும், கோதக்கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகும், சிவப்பணுக்கள் சிதையும். செத்தபின் பலவும் மூழ்கிவிடும். கரைக்கு வந்தவற்றைக் கழுகும் நரியும் கடற்காகமும் பார்த்துக்கொள்ளும், மிச்சத்தை மணல் மூடும். காற்று கரையிலிருந்து கடல் பக்கமாக வீசினால் உங்கள் ஜாதகம் நல்ல ஜாதகம், ஒன்றுகூட வராது.

அடுத்து, எதைச் செத்த பறவை என்று ஒப்புக்கொள்வது என்ற வரையறை. முழு உடலாக இருக்க வேண்டும். எண்ணெய் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பொதுமக்கள் எடுத்து வந்தது கூடாது. இரண்டு றெக்கையும் ஒரு காலும் கிடந்தால் அதைப் ‘பிற உயிரினங்களின் எச்சம்’ என்ற தலைப்பில் எழுதுங்கள். பொறுக்கியவற்றை எண்ணி, அந்த எண்ணை அப்படியே ‘இறப்பு’ என்று போடுங்கள். கல்யாண வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதை, மாடு மேய்ந்துவிட்டுப் போன பிறகு குப்பைமேட்டில் மிஞ்சிய இலையை எண்ணிச் சொல்வதுபோலத்தான் இது. ஆனால் இலையை எண்ணினோம் என்பதை யாரும் மறுக்க முடியாது, பாருங்கள். நீதிமன்றத்தில் அதுதான் நிற்கும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 1989 மார்ச் 24, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் பிளை பாறைத்திட்டில் ஏறியது. சுமார் 1.1 கோடி கேலன் கச்சா எண்ணெய், நம் கணக்கில் நாலு கோடி லிட்டருக்கு மேல், 2,000 கிலோமீட்டருக்கும் அதிகமான கரையில் பூசிக்கொண்டது. பொறுக்கிய பறவைச் சடலங்கள் 35,000க்கு மேல். அத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. சிலர் நிறுத்தவில்லை. செத்த பறவைகளில் ரேடியோ கருவி கட்டி மறுபடி கடலில் விட்டார்கள், எத்தனை கரை சேர்கிறது என்று பார்க்க. கரையில் சடலங்களை வைத்துவிட்டு, எத்தனை நாளில் காணாமல் போகிறது என்று பார்த்தார்கள். தேடுகிறவர் கண்ணுக்கு எத்தனை தப்புகிறது என்றும் பார்த்தார்கள். ஜான் பியாட், கிளென் ஃபோர்டு என்ற இருவர் 1996இல் இவற்றையெல்லாம் கோத்துச் சொன்ன கணக்கு: சுமார் இரண்டரை லட்சம் பறவைகள். 35,000 எங்கே, 2,50,000 எங்கே? கையில் சடலம் ஒன்றுகூடக் கூடவில்லை. பெருக்கல் மட்டும்தான் கூடியது.

பெருக்கலின் ஒவ்வொரு படியையும் தனித்தனியாகச் சந்தேகியுங்கள். மூழ்கும் விகிதத்தை வேறு கடலில், வேறு பருவத்தில் அளந்தார்கள் என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான் பல நேரங்களில். நரி தூக்கிப்போகும் வேகம் தீவுக்குத் தீவு மாறும் என்று சொல்லுங்கள். ‘எண்ணெய் படாமலே செத்த பறவைகளும் அந்தக் கரையில் கிடந்திருக்குமே’ என்று கேளுங்கள். நியாயமான கேள்வி, கழிக்கத்தான் வேண்டும். எதையெல்லாம் கழிக்கலாம் என்பதற்கு உற்சாகமாகவும், எதையெல்லாம் பெருக்கலாம் என்பதற்குத் தயக்கமாகவும் இருப்பதற்கு விஞ்ஞானக் கறார் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

மெக்சிகோ வளைகுடாவைப் பாருங்கள். 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் தளம் வெடித்து, 11 பேர் இறந்து, கிணறு 87 நாள் கொட்டியது. பொறுக்கிய சடலங்கள் சில ஆயிரம். அரசுத் தரப்பின் சேத மதிப்பீடு, செத்த பறவைகள் 56,100 முதல் 1,02,400 வரை என்றது. 2014இல் வந்த இன்னொரு ஆய்வு, கடலோரத்தில் மட்டும் ஆறு லட்சம் முதல் எட்டு லட்சம் என்றது. ஒரே கடல், ஒரே எண்ணெய், ஒரே பறவைகள். சதுப்புப் புல்லுக்குள் விழுந்த பறவையை எப்படி எண்ணுவது, கரைக்கே வராத பறவைக்கு என்ன விகிதம் போடுவது என்பதில்தான் இத்தனை லட்சமும் ஒளிந்திருக்கிறது. கூடுகட்டும் தீவுகளுக்குள் ஆட்களை அனுப்பித் தேடினால் உயிரோடு அடைகாக்கும் பறவைகள் முட்டையை விட்டுப் பறந்துவிடும் என்பதால் அங்கே தேடாமல் விட்டார்கள். சரியான முடிவு. உங்களுக்கு அதில் கிடைக்கும் பலன் தற்செயல்தான், ஆனால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

உள்ளூர் உதாரணம் வேண்டுமென்றால் எண்ணூர் இருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, சென்னைக் கரையில் படிந்த எண்ணெயைத் தன்னார்வலர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர் கழிமுகத்தை மூடியபோது, மீனவர்கள் படகில் போய் மக்கில் மொண்டார்கள். ஆறு ஆண்டில் வாளியிலிருந்து மக்குக்கு வந்திருக்கிறோம். தொழில்நுட்பம் எந்தத் திசையில் போகிறது என்று கேட்காதீர்கள். அந்த டிசம்பரில் கூழைக்கடாக்கள் வெள்ளை இறகில் பழுப்புத் திட்டோடு சுற்றிக்கொண்டிருந்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. இங்கே உங்களுக்கு ஒரு பொன்னான விதி கிடைக்கிறது: பறக்கிற பறவையைப் பிடிக்க முடியாது, பிடிக்க முடியாததைப் பரிசோதிக்க முடியாது, பரிசோதிக்காததைப் பாதிக்கப்பட்டது என்று எழுத முடியாது.

லேசாக எண்ணெய் பட்ட உள்ளான்களை ஆய்வுக்கூடத்தில் பறக்கவிட்டுப் பார்த்தபோது, அதே தூரத்துக்கு அவை அதிக சக்தியைச் செலவிட்டன என்று டீப்வாட்டருக்குப் பிறகு கண்டுபிடித்தார்கள். வலசை போகிற பறவைக்குச் சக்தி என்றால் நாள். நாள் தப்பினால் கூடு தப்பும். எண்ணெய் பூசிய வயிற்றோடு முட்டை மேல் உட்கார்ந்தால் இன்னொரு வினை. வாத்து முட்டை ஓட்டின் மேல் ஒரு சொட்டிலும் சிறு பங்கு, சில மைக்ரோலிட்டர் எண்ணெய் பட்டாலே உள்ளிருக்கும் கரு செத்துவிடும் என்பது பழைய பரிசோதனை. தாய்ப்பறவை உயிரோடிருக்கும், முட்டையும் பார்க்க முழுதாக இருக்கும். உங்கள் படிவத்தில் இரண்டுக்கும் கட்டம் கிடையாது. படிவத்தை வடிவமைக்கும் கூட்டத்தை மட்டும் தவறவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

பத்திரிகைக்காரர்கள் வந்தால் கழுவும் கூடத்துக்கு அழைத்துப்போங்கள். சோப்பு நுரை, மஞ்சள் கையுறை, நடுவில் ஒரு பறவை முகம். இதைவிட நல்ல படம் கிடையாது. தென்னாப்பிரிக்காவில் 2000 ஜூனில் ட்ரெஷர் கப்பல் மூழ்கியபோது சுமார் 19,000 ஆப்பிரிக்கப் பென்குவின்களைக் கழுவினார்கள். எண்ணெய் படாத இன்னும் 19,500 பென்குவின்களைப் பிடித்து, லாரியில் ஏற்றி, போர்ட் எலிசபெத்தில் விட்டார்கள். அவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி ஊர் திரும்புவதற்குள் கடல் சுத்தமாகிவிட்டது. அதில் பீட்டர், பமீலா, பெர்ஸி என்று பெயர் வைத்து முதுகில் கருவி பொருத்திய மூன்றை நாடே பின்தொடர்ந்தது. மெய்யாகவே பெரிய சாதனை. பென்குவின் கழுவுதலைத் தாங்கும், திரும்பப்போய்க் குஞ்சும் பொரிக்கும். வடகடல்களின் கில்லெமாட் பறவை அப்படித் தாங்குவதில்லை. அந்தக் காலத்தில் கழுவிவிட்டவற்றில் பல, சில நாள்களில் செத்துக் கிடந்தன. நிருபர் கேட்டால் பென்குவினைப் பற்றிப் பேசுங்கள், உங்கள் கசிவு எந்தக் கடலில் நடந்திருந்தாலும்.

இனி கழித்தலின் மேல்படிப்பு. செத்ததை எண்ணுவதை விட்டுவிட்டு, உயிரோடிருப்பதை எண்ணச் சொல்வார்கள். கசிவுக்கு முன் இத்தனை, பின் இத்தனை, வித்தியாசம் இத்தனை. கேட்கச் சுலபம். ‘முன்’ என்று ஒன்று இருக்க வேண்டுமே? அங்கேதான் நீங்கள் பிறவிப் பயன் அடைகிறீர்கள். பெரும்பாலான கரைகளில் கசிவுக்கு முன் யாரும் ஒழுங்காக எண்ணியிருக்க மாட்டார்கள். ‘அடிப்படைத் தரவு இல்லாத நிலையில் தாக்கம் குறித்து அறுதியிட்டுக் கூற இயலவில்லை’ என்று எழுதிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம்.

துரதிர்ஷ்டவசமாக எண்ணியிருந்தால்? பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் 1972-73இலும் 1984-85இலும் படகில் போய் எண்ணியிருந்தார்கள். பயப்பட வேண்டாம். நடுவில், 1976-77 வாக்கில், வட பசிபிக் கடலின் வெப்பநிலையே புரண்டது. மீன் வகைகள் மாறின, பறவைகளும் மாறின. ஆகவே கசிவுக்குப் பிறகு எண்ணிக்கை குறைந்திருந்தால் அது பழைய சரிவின் தொடர்ச்சி. பிஜன் கில்லெமாட் என்ற பறவை அங்கே பல ஆண்டுகள் கழிந்தும் சரியாக மீளவில்லை. எப்போதோ வளர்ப்பதற்காகக் கொண்டுவந்த மின்க் என்ற கீரி போன்ற விலங்கு, அங்குள்ள நேக்கட் தீவில் அந்தப் பறவையின் குஞ்சையும் முட்டையையும் தின்றுகொண்டிருந்ததைப் பின்னால் கண்டுபிடித்தார்கள். உங்கள் வேலைக்கு மின்க் போன்ற பிராணி ஒன்று எந்தக் கடற்கரையிலும் அகப்படும். நம் ஊரில் தெருநாய் போதும். இதில் ஒரு சங்கடமும் உண்டு. கடலும் மின்க்கும் உண்மையிலேயே குற்றவாளிகள்தான். ஏற்கனவே நொந்துபோன கூட்டத்தின் மேல் எண்ணெய் விழுந்தால் என்ன ஆகும் என்று யாராவது அடுத்த கேள்வி கேட்டால், தேநீர் இடைவேளை அறிவியுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க எண்ணெய் படாத பகுதி ஒன்று வேண்டும் என்பார்கள். பறவை குறைவாக உள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள். அல்லது, எண்ணெய்ப் பகுதியிலிருந்து பறவைகள் ஓடிவந்து ஒண்டியிருக்கும் பக்கத்து விரிகுடாவை மட்டும் எண்ணிவிட்டு, ‘பறவைகள் மிகுதியாகவே உள்ளன’ என்று எழுதுங்கள். பொய்யில்லை.

புள்ளியியல் தெரிந்த ஒருவர் குழுவில் இருப்பது நல்லது. கடற்பறவைகள் கூட்டமாகத் திரிபவை. இன்று ஒரு விரிகுடாவில் 800 இருக்கும், நாளை 12 இருக்கும், கசிவு எதுவும் நடக்காமலே. இப்படித் துள்ளும் எண்களில், குறைவான இடங்களில், குறைவான தடவை எண்ணினால், மூன்றில் ஒரு பங்கு பறவை செத்திருந்தாலும் கணக்கு அதைப் பிடிக்காது. அப்போது கணினி சொல்லும்: ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.’ அறிக்கையின் உடலில் அந்த வாக்கியத்தை அப்படியே போடுங்கள். சுருக்கத்தில் ‘வேறுபாடு இல்லை’ என்று போடுங்கள். பத்திரிகைக் குறிப்பில் ‘பாதிப்பு இல்லை’. ஒவ்வொரு முறையும் ஒரு சொல் உதிர்கிறது, அவ்வளவுதான். பாதிப்பைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குப் பலவீனமான வலையை வீசுவதற்கும் பாதிப்பு இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித்தரும் வகுப்புகளை உங்கள் மேலதிகாரிகள் எவரும் படித்திருக்க மாட்டார்கள்.

எக்ஸான் வழக்கில் இந்தக் கலை எந்த உயரத்துக்குப் போனது என்றால், ஒரே கசிவுக்கு இரண்டு மாநாடு நடந்தது. 1993 பிப்ரவரியில் அரசுத் தரப்பு ஆய்வாளர்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் கூடி, தாக்கம் ஆழமானது என்றார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், கண்டத்தின் மறுகோடியில் அட்லாண்டாவில், எக்ஸான் நிறுவனத்தின் நிதியில் நடந்த ஆய்வுகள் அரங்கேறின. பல இனங்கள் வேகமாக மீண்டுவிட்டன என்றார்கள். அவரவர் கட்டுரைகள் அவரவர் தொகுதிகளில். இரண்டு பக்கமும் படித்த, நேர்மையான பறவையியலாளர்கள் இருந்தார்கள். யாரும் எண்களைத் திருத்தவில்லை. எந்தக் கேள்வியைக் கேட்டார்கள், ‘பாதிப்பு உண்டு’ என்று நிரூபிக்கும் சுமையை யார் தலையில் வைத்தார்கள் என்பதுதான் வேறு. உங்களுக்கு இந்த நுட்பமெல்லாம் தேவைப்படாமல் போகலாம். நம் ஊர் கசிவுகளுக்கு ஒரு மாநாடு நடப்பதே அபூர்வம்.

ஆய்வுக் காலத்தை ஒப்பந்தத்திலேயே முடித்துவிடுங்கள். ஓராண்டு போதும். இரண்டு என்றால் அதிகம். அதற்கு மேல் போனால் ஹார்லிக்வின் வாத்து வந்து காலைவாரும்.

ஹார்லிக்வின் சின்ன வாத்து, அரைக்கிலோவைக் கொஞ்சம் தாண்டும். குளிர்காலம் முழுக்க அலையடிக்கும் பாறைக்கரையில் இருந்து, ஓதம் வற்றும்போது மட்டியும் நத்தையும் கொத்தும். ஆண்டுதோறும் அதே கரைக்கே திரும்பும். எண்ணெய் பட்டிருக்கிறதே, வேறிடம் பார்ப்போம் என்ற புத்தி அதற்குக் கிடையாது. உடம்பில் சேமிப்பும் குறைவு. அலாஸ்காவின் குளிர்காலப் பகல் சில மணி நேரம்தான், அதற்குள் தின்று தீர்க்க வேண்டும். 1989இல் கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெய் போய்விட்டது, அலை கழுவிவிட்டது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தபோது, இந்த வாத்துகளின் ஈரலைச் சோதித்தார்கள். எண்ணெயின் நச்சைச் சமாளிக்க ஈரல் சுரக்கும் நொதி ஒன்று உண்டு. எண்ணெய் பட்ட கரைகளில் இருந்த வாத்துகளுக்கு அது கூடுதலாக இருந்தது. கசிவு நடந்து 20 ஆண்டு ஆன பிறகும். தொண்ணூறுகளின் நடுவில், பெட்டை வாத்துகளுக்குக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, எண்ணெய்க் கரையில் குளிர்காலம் தாண்டிப் பிழைத்தவை மற்ற கரையைவிடக் குறைவு என்றும் தெரிந்தது. நூற்றுக்கு ஐந்தாறுதான் வித்தியாசம். கரையில் நின்று பார்த்தால் தெரியாத அளவு. நீண்டகாலம் வாழ்ந்து மெதுவாகப் பெருகும் பறவைக்கு, ஆண்டுதோறும் இந்த ஐந்தாறு சேர்ந்துகொண்டே போனால் கூட்டம் மேலே வராது.

எண்ணெய் எங்கிருந்து வந்தது? 2001இல் அந்தக் கரைகளில் சிலர் ஆயிரக்கணக்கில் குழி தோண்டிப் பார்த்தார்கள். கூழாங்கல்லுக்கு அடியில், காற்றுப் படாத இடத்தில், 12 ஆண்டு முந்தைய எண்ணெய் அப்படியே பிசுபிசுத்தது. மட்டியும் சிப்பியும் வாழும் அதே மட்டத்தில். மேலே சுத்தமான கல், கீழே கச்சா. வாத்து கொத்துவது கீழே. ஹார்லிக்வின் மீண்டுவிட்டது என்று அதிகாரப்பூர்வமாக ஒப்புக்கொண்டது 2014இல். கப்பல் மோதி கால் நூற்றாண்டு கழித்து. ஆகவே, மேலே தெரிவதை மட்டும் பார்வையிடுங்கள். கள ஆய்வுக்குப் போகும் வண்டியில் மண்வெட்டி இருக்கக் கூடாது.

கடைசி அஸ்திரம், பறவைகளின் பெருந்தன்மை. வேல்ஸ் நாட்டுக் கரையோரம் ஸ்கோமர் என்ற சிறு தீவு. அதன் பாறை விளிம்புகளில் கில்லெமாட்கள் கரும்பழுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாகத் தோளோடு தோள் உரச நிமிர்ந்து நிற்கும். அமெரிக்கர்கள் இதையே மர் என்பார்கள். எக்ஸான் கசிவில் பொறுக்கிய சடலங்களில் முக்கால்வாசி இதுதான். ஆண்டுக்கு ஒரே முட்டை, வெறும் பாறையில். முதல் முட்டை இடவே ஐந்தாறு வயதாகும். டிம் பர்க்ஹெட் என்ற பறவையியலாளர் 1972இலிருந்து இவற்றின் காலில் வளையம் மாட்டி ஆண்டுதோறும் கவனித்து வந்தார். தெற்கே பிரான்ஸ், ஸ்பெயின் கடல்களில் எரிகா (1999), பிரெஸ்டீஜ் (2002) போன்ற பெருங்கசிவுகள் நடந்த குளிர்காலங்களில், ஸ்கோமரின் வளர்ந்த கில்லெமாட்கள் சாகும் விகிதம் இரட்டிப்பானது என்று அந்த வளையங்களிலிருந்து தெரிந்தது. ஆனால் அடுத்த கோடையில் தீவைப் பார்த்தால் கூட்டம் ஏறக்குறைய அதே அளவு. எப்படி? இடம் கிடைக்காமல் வரிசையில் நின்ற இளசுகள், செத்தவற்றின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. அனுபவசாலிகள் போய், கற்றுக்குட்டிகள் வந்தார்கள்; வரிசையில் காத்திருந்த சேமிப்பு கரைந்தது. படகில் போய் மொத்தமாக எண்ணுகிறவருக்கு இது எதுவும் தெரியாது. நீங்கள் படகில் போய் மொத்தமாக எண்ணுங்கள்.

இன்னொரு செய்தி, உங்கள் தொழில் எதிர்காலத்துக்காக. 2015 கோடையிலிருந்து 2016 வசந்தம் வரை, கலிபோர்னியா தொடங்கி அலாஸ்கா வரை கரைகளில் சுமார் 62,000 மர்கள் பட்டினியில் செத்தும் சாகக் கிடந்தும் ஒதுங்கின. கடல் வெந்நீரானதில் இரைமீன் போய்விட்டது. எக்ஸான் காலத்து அதே ஜான் பியாட், வேறு பலரோடு சேர்ந்து, மொத்தம் சுமார் பத்து லட்சம் செத்திருக்கும் என்றார். பதினாறு மடங்குப் பெருக்கல்! எண்ணெய் வழக்கில் அப்படிப் பெருக்கியிருந்தால் எத்தனை வக்கீல்கள் வரிசையில் நின்றிருப்பார்கள்? வெப்ப அலைக்கு வங்கிக் கணக்கு கிடையாது, வக்காலத்துப் போடவும் ஆளில்லை. பிறகு 2024 டிசம்பரில் வந்த ஆய்வு பத்து லட்சத்தையும் தாண்டிப்போய், அலாஸ்காவில் மட்டும் நாற்பது லட்சம், அதாவது அங்கிருந்த மர்களில் பாதி என்றது. சடலத்தைப் பெருக்கி வந்த எண் இல்லை இது. 13 இடங்களில் கூடுகட்டும் கூட்டங்களை, எந்த விபத்தும் நடக்காத சலிப்பான ஆண்டுகளிலும் விடாமல் எண்ணி வைத்திருந்ததால் வந்தது.

ஆக, இந்தத் தொழிலுக்கு ஒரே ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று புரிந்திருக்கும். ஒன்றும் நடக்காதபோதே எண்ணிக்கொண்டிருக்கும் ஆட்களிடமிருந்து. ஸ்கோமரில் இந்த ஆபத்தைச் சரியான நேரத்தில் அடையாளம் கண்டு, நாற்பது ஆண்டு கழிந்த நிலையில், ஆண்டுக்குச் சுமார் 12,000 பவுண்டு வந்துகொண்டிருந்த நிதியை நிறுத்தினார்கள். பர்க்ஹெட் பொதுமக்களிடம் கையேந்திப் பணம் திரட்டித் தொடர்ந்தார். எல்லா ஊரிலும் அப்படி நடக்காது. உங்கள் அலுவலகத்துக்கும் யாராவது ஒருவர், கழுத்தில் பைனாகுலரோடு, பழவேற்காட்டிலோ கோடியக்கரையிலோ மாதம் ஒருமுறை பறவைகளை எண்ணச் சொற்ப நிதி கேட்டு மனு கொடுப்பார். மரியாதையாக உட்காரவைத்துக் காபி கொடுங்கள். ஒரு வாரம் கழித்து அனுப்ப வேண்டிய பதில் இதோ. தேதியை மட்டும் நிரப்பிக்கொள்ளலாம்:

‘ஐயா/அம்மையீர், தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. மேற்படி பகுதியில் தற்போது பறவைகளுக்குப் பாதிப்பு ஏதும் அறியப்படாத நிலையில், அவற்றை எண்ண வேண்டிய அவசியம் எழவில்லை. மேற்படி பகுதியில் எண்ணெய்க் கசிவு ஏதும் நிகழும்பட்சத்தில், கசிவுக்கு முந்தைய பறவைகளின் எண்ணிக்கையைத் தங்களிடமிருந்து உடனடியாகக் கேட்டுப் பெறுவோம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.’